துப்பறியும் கதைகளும் ஃபாதர் பிரௌனும்

துப்பறியும் நாவல் என்றாலே முகஞ்சுளிக்கும் பெரியோர் உண்டு. கொலையும் களவும் நிறைந்த புத்தகம் பெண் பிள்ளைகளுக்கு எதற்கு என்பது அவர்கள் கேள்வி. ஆனால் எல்லாத் துப்பறியும் கதைகளையும் ஒரே தராசில் நிறுக்கலாகாது.

அகதா கிறிஸ்டி முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில், டார்க்கி நகர மருத்துவமனையில் மருந்து கலந்து கொடுக்கும் வேலை பார்த்தவர். அவர் கதைகளில் நஞ்சு அத்தனை கணக்காக வேலை செய்வதற்குக் காரணம் அதுவே. 1926-இல் வெளிவந்த ரோஜர் அக்ராய்ட் கொலைக் கதையின் முடிவை மட்டும் யாரும் உங்களிடம் சொல்லிவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்! ஆயினும் குற்றவாளி அகப்பட்டதும் அவர் கதை முடிந்துவிடுகிறது. அவன் மனம் என்னவாயிற்று என்பதில் அவருக்கு அக்கறை குறைவு.

எனக்குப் பிடித்தவர், செஸ்டர்டன் 1910-இல் படைத்த ஃபாதர் பிரௌன் என்னும் கத்தோலிக்கக் குருவானவர். குள்ள உருவம், உருண்டை முகம், கையில் ஒரு பெரிய குடை. ஷெர்லக் ஹோம்ஸ் சாம்பலையும் காலடித் தடத்தையும் ஆராய்வார். இவரோ பாவசங்கீர்த்தனம் கேட்டுக் கேட்டு மனித உள்ளத்தை அறிந்தவர். ஒரு கதையில், ஃபிளாம்போ என்னும் பெருந்திருடன் வைரங்களோடு இரவில் மரத்தின் மேல் இருக்கிறான். இவர் போலீசைக் கூப்பிடவில்லை. “உன் திருட்டுக்காக ஒரு நிரபராதி இளைஞன் மேல் சந்தேகம் விழுமே” என்ற கருத்தில் கீழே நின்று பேசுகிறார். மூன்று வைரங்களும் புல்தரையில் வந்து விழுகின்றன. பிற்பாடு அதே ஃபிளாம்போ துப்பறிவாளனாகி அவருக்கு உற்ற நண்பனாகிறான்.

முதல் தொகுதி 1911-இல் வந்தது, பன்னிரண்டு கதைகள். வரிசையாகவே படியுங்கள், முதற் கதையிலேயே ஃபிளாம்போவைச் சந்தித்துவிடலாம்.