துணைவலியின் விலை: டென்மார்க்கின் பாதுகாப்புக் கொள்கையும் தூலே தளமும்

தரங்கம்பாடியை 1845இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்ற அரசாகவே டென்மார்க்கைத் தமிழுலகம் பெரிதும் அறியும். அவ்வரசு 1917இல் தன் மேற்கிந்தியத் தீவுகளை ஐக்கிய அமெரிக்காவுக்கு விற்றது. கிரீன்லாந்து முழுவதிலும் டேனிய ஆட்சி பரவுவதை அமெரிக்கா எதிர்க்காது என்னும் உறுதிமொழியும் அவ்விற்பனையின்போது கிடைத்தது. பிற்காலத்தில் டேனியப் பாதுகாப்புக் கொள்கையின் முரண்கள் வெளிப்பட்ட இடமும் அப்பனிநிலமே.

தன்வலி சிறிதாகிய டென்மார்க் துணைவலி நாடி 1949இல் நேட்டோவில் இணைந்தது. 1951ஆம் ஆண்டு உடன்படிக்கை கிரீன்லாந்தில் அமெரிக்கத் தளங்களுக்கு இடமளித்தது. தூலே தளத்தின் விரிவாக்கத்தை ஒட்டி, 1953இல் இனுகுவிட் மக்கள் தம் வாழிடத்திலிருந்து வடக்கே பெயர்க்கப்பட்டனர்.

சமாதான காலத்தில் டேனிய மண்ணில் அணுவாயுதம் இடம்பெறாது என்பது 1957இல் அறிவிக்கப்பட்ட கொள்கை. அதே ஆண்டு நவம்பரில், தூலேயில் அணுவாயுதம் வைப்பதாயின் முன்னறிவிக்க வேண்டுமா என அமெரிக்கத் தூதுவர் வினவினார். பிரதமர் எச். சி. ஹான்சன், இது குறித்துத் தாம் கூறுவதற்கு எதுவுமில்லை என்னும் பொருள்பட எழுத்தில் விடையளித்தார். வாஷிங்டன் அதனை இசைவாகக் கொண்டது. நாடாளுமன்றத்துக்கு அது தெரிவிக்கப்படவில்லை.

1968 ஜனவரி 21 அன்று, நான்கு ஐதரசன் குண்டுகளைச் சுமந்த பி-52 விமானம் தூலேக்கருகே கடற்பனியில் வீழ்ந்தது. கதிரியக்கச் சிதைவுகளை அகற்றியவருள் டேனியரும் கிரீன்லாந்தவரும் இருந்தனர். நோயுற்றோர் பின்னாளில் நெடுங்காலம் இழப்பீடு கோரிப் போராடினர். ஹான்சனின் கடிதமோ 1995இல்தான் வெளிவந்தது.

இதனைச் சிறுநாட்டின் சாதுரியம் என்பாரும் உளர். அக்கருத்தை முற்றாகத் தள்ளவியலாது. கூட்டணியும் உள்நாட்டு அமைதியும் ஒருங்கே காக்கப்பட்டன. ஆயினும் அறியாத கொள்கையை நாடாளுமன்றம் எவ்வாறு திருத்தும்? 1982 முதல் 1988 வரை நேட்டோ அறிக்கைகளில் அடிக்குறிப்பாக மாற்றுக் கருத்தைப் பதிய எதிர்க்கட்சிப் பெரும்பான்மை அரசை நிர்ப்பந்தித்தது. நட்புநாடுகள் முகஞ்சுளித்தன, எனினும் அம்முரண் மறைவின்றி நிகழ்ந்தது.

2009ஆம் ஆண்டுத் தன்னாட்சிச் சட்டமும் வெளியுறவையும் பாதுகாப்பையும் கோபன்ஹேகனிடமே விட்டது. பெயர்க்கப்பட்ட மக்களுக்கு 2003இல் டேனிய உச்சநீதிமன்றம் இழப்பீடு வழங்கியிருந்தது. மீளும் உரிமையை வழங்கவில்லை. தம்மை விலக்கித் தம்மைப்பற்றி எதுவும் முடிவாகலாகாது என்னும் பொருளுடைய தலைப்பில் கிரீன்லாந்து அரசு 2024இல் தனக்கென ஒரு பாதுகாப்பு உத்தியை வெளியிட்டது. 2025 ஜனவரியில் ஆர்க்டிக் பாதுகாப்புக்காக 1,460 கோடி குரோணர் ஒதுக்கப்பட்டபோது, அவ்வுடன்பாட்டில் கிரீன்லாந்து அரசும் பங்குகொண்டது.