அம்மாவின் அட்டையில் குழந்தை

சித்தூர், திருப்பதி: அரசின் இலவச சிகிச்சைத் திட்டத்தை நடத்துகிற சாஃப்ட்வேரைச் சோதிக்க, வார்டுக்குள்ளும் போய் வரவேண்டியிருக்கிறது

சித்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் பிரசவம் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு மூச்சுத் திணறல். சுமார் 70 கி.மீ. தள்ளியுள்ள திருப்பதிக்கு ஆம்புலன்ஸில் குழந்தை போகிறது. தாய் சித்தூரிலேயே படுத்திருக்கிறார். பெயரே வைக்காத குழந்தைக்கு அட்டை ஏது? தாயின் எண்ணிலேயே சிகிச்சை தொடங்குகிறது. கம்ப்யூட்டருக்குத் தெரிவதோ வேறு காட்சி: ஒரே நபர், ஒரே நாளில், இரண்டு ஊர்களில், இரண்டு படுக்கைகளில். மோசடி என்று நிறுத்தினால் குழந்தை காத்திருக்க வேண்டும். கண்டுகொள்ளாமல் விட்டால் நிஜமான மோசடிக்காரனும் அதே வழியில் நுழைவான்.

நாடு முழுவதும் இந்தச் சிக்கல் நடந்திருக்கிறது. 2018ல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை ஆராய்ந்த தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரி (சி.ஏ.ஜி.), 2023 ஆகஸ்டில் வெளியான அறிக்கையில் 48,387 நோயாளிகளின் 78,396 கிளெய்ம்களைச் சுட்டிக்காட்டினார். முதல் ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே அடுத்த சிகிச்சைக்கு 'அட்மிட்' ஆனவர்கள் இவர்கள். பிறந்த குழந்தைகளைத் தாயின் எண்ணில் வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றுவதுதான் முக்கியக் காரணம் என்றது தேசிய சுகாதார ஆணையம். நியாயமான விளக்கம்தான். ஆனால் அந்தப் பட்டியலில் 23,670 பேர் ஆண்கள்!

ஆந்திராவுக்கு இந்த வகை சாஃப்ட்வேர் புதிதல்ல. ஏழைகளுக்கு இலவச அறுவை சிகிச்சை தரும் ராஜீவ் ஆரோக்யஸ்ரீ 2007லேயே வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் உதவி மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் 'ஆரோக்யமித்ரா' அட்டையைப் பார்த்துப் பதிவு செய்வார். எக்ஸ்ரே, ஸ்கேன், போட்டோ எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறும். டிரஸ்ட்டின் டாக்டர்கள் பார்த்து முன் அனுமதி தருவார்கள். சிகிச்சை முடிந்து நோயாளி வீடு திரும்பியதும் கிளெய்ம் போகும், பணம் ஆஸ்பத்திரிக்கு வரும். காகிதத்தில் நேர்க்கோடு. நடைமுறையில் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு 'ஆனால்' நிற்கிறது.

சோதனைக்குத் திட்டம் போடுவது என்றால் இந்த 'ஆனால்'களைப் பட்டியல் போடுவதுதான். ஒரு பத்தியில் என்ன செய்து பார்க்கவேண்டும் என்று இருக்கும்; பக்கத்துப் பத்தியில் என்ன விடை வரவேண்டும் என்று இருக்கும். முதல் பத்தியை ஒரு கெட்டிக்காரப் புரோகிராமர் இரண்டு நாளில் நிரப்பிவிடுவார். இரண்டாவது பத்தியில்தான் பேனா நிற்கிறது. தாயின் எண்ணில் வரும் குழந்தையை ஏற்கலாமா, எத்தனை நாள் வரை, யார் கையெழுத்தில்? இதற்கு டாக்டரும் டிரஸ்ட் அதிகாரியும் கணக்குப் பிரிவும் ஒன்றாக உட்கார்ந்து முடிவு சொல்லவேண்டும். அவர்கள் சொல்லாவிட்டால் புரோகிராமரே ஏதோ ஒன்றை முடிவு செய்துவிடுவார். பல சமயம் அதுவே சட்டமாகிவிடும்.

'இறந்தவருக்கு சிகிச்சை' விவகாரம் இன்னும் சங்கடமானது. ஏற்கெனவே இறந்ததாகப் பதிவான 3,446 நோயாளிகளின் பெயரில் 6.97 கோடி ரூபாய் வழங்கப்பட்டதாக சி.ஏ.ஜி. எழுதியது. அரசின் பதில்: அவசர கேஸ்களிலும் நெட்வொர்க் கிடைக்காத இடங்களிலும், நோயாளியைச் சேர்த்து மூன்று நாள் வரை முன் அனுமதி கேட்கலாம், அதற்குள் சிலர் இறந்துவிடுகிறார்கள். அந்தச் சலுகை இல்லாவிட்டால் விபத்தில் அடிபட்டவர் கம்ப்யூட்டர் முன்னால் காத்துக் கிடக்கவேண்டும். ஆக, 'இறந்த தேதிக்குப் பிறகு அனுமதி கூடாது' என்று ஒரே வரியில் விதி எழுதினால் அதுவும் தப்பு.

சில ஓட்டைகளுக்கு இவ்வளவு யோசனைகூடத் தேவையில்லை. 7,49,820 பயனாளிகளுக்கு ஒரே மொபைல் எண் பதிவாகியிருந்தது: 9999999999. பயனாளியை அடையாளம் காண மொபைல் எண்ணைப் பயன்படுத்துவதில்லை என்றது அரசு. இருக்கட்டும். சோதனைக்கு உட்காருகிறவர் முதல் அரை மணி நேரத்தில் தட்டிப் பார்க்கவேண்டிய எண் அது.

சித்தூர்ப் பக்கம் பட்டியல் இன்னும் நீளும். தெலுங்கர்களுக்குப் பெயருக்கு முன்னால் வீட்டுப் பெயர். குப்பம், நகரி பக்கத்துத் தமிழர்களுக்கு அப்பாவின் இனிஷியல். இரண்டுக்கும் ஒரே கட்டம். ஆங்கிலத்தில் எழுதும்போது முருகேசன் ஒரு ஆவணத்தில் 'சே', இன்னொன்றில் 'ஷே'. திருப்பதியில் வரிசையில் மயங்கி விழும் யாத்ரீகர் வேறு மாநிலத்துக்காரராக இருப்பார், அட்டை ஊரில் இருக்கும். ஸ்ரீகாளஹஸ்தி 2022 ஏப்ரல் 4ல் சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. ஏப்ரல் 3ல் சேர்ந்து 5ல் வீடு திரும்பிய நோயாளி எந்த மாவட்டக் கணக்கு?

திட்டமே அடிக்கடி சட்டை மாற்றுகிறது. ராஜீவ் ஆரோக்யஸ்ரீ பிறகு என்.டி.ஆர். வைத்ய சேவா ஆனது, 2019ல் ஒய்.எஸ்.ஆர். ஆரோக்யஸ்ரீ, 2024ல் மறுபடியும் என்.டி.ஆர். வைத்ய சேவா. சிகிச்சை வகைகள் 1,059லிருந்து 3,257 ஆயின. 2023 டிசம்பரில் உச்சவரம்பு 25 லட்சம் ரூபாய் ஆனது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பழைய சோதனைகளை முதலிலிருந்து ஓட்டிப் பார்க்கவேண்டும். ஆணை வெளியாகும் தேதியை அமைச்சர் முடிவு செய்கிறார், சோதனைக்கு மிச்சமிருக்கும் நாளைக் காலண்டர் முடிவு செய்கிறது.

பணக்கார நாடுகளும் இதில் தப்பவில்லை. அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டு இணையதளம் 2013 அக்டோபர் 1ல் திறந்தது. முதல் நாள் பதிவு செய்து முடித்தவர்கள் 6 பேர். எல்லாப் பகுதிகளையும் இணைத்துச் சோதித்தது கடைசி இரண்டு வாரத்தில்தான் என்று ஒப்பந்ததாரர்கள் நாடாளுமன்றக் குழுவிடம் ஒப்புக்கொண்டனர்.

நேரம் இல்லாதபோது வரும் குறுக்கு வழி, நிஜ நோயாளிகளின் தகவலை அப்படியே எடுத்து ஓட்டிப் பார்ப்பது. யாருக்கு என்ன நோய் என்பது சோதனை அறையில் உள்ள எல்லோருக்கும் தெரிந்துவிடும். பெயரையும் எண்ணையும் மாற்றிவிட்டுத்தான் தரவேண்டும். மாற்றும்போது அந்த 'சே'யும் 'ஷே'யும் அழிந்துவிடாமல் பார்த்துக்கொள்வது தனி வேலை.

அதனால் அனுபவசாலிகள் திட்டத்தில் சில நாட்களை ஆஸ்பத்திரிக்கு ஒதுக்குகிறார்கள். ஆரோக்யமித்ராவின் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, காலைக் கூட்டம் குறையும் வரை உட்கார்ந்திருந்து, அவர் எந்தக் கட்டத்தில் கை தயங்குகிறார் என்று குறித்துக்கொள்கிறார்கள்.