பரோட்டா கடைக்கு இன்சூரன்ஸ்!

பி.காம். படித்தவனிடம் ஊர் உலகம் எதிர்பார்ப்பது இரண்டே விஷயங்கள். ஒன்று, பேங்க் வேலை. அது கிடைக்காவிட்டால், சொந்தபந்தங்களின் ஃபாரங்களை எல்லாம் இலவசமாக நிரப்பித் தருவது. முதலாவது எனக்கு வாய்க்கவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரகடத்திலிருந்து போன். கல்லூரியில் என்னோடு கடைசி பெஞ்சில் தூங்கியவன். இப்போது தொழிலதிபர்! வண்டலூர் - வாலாஜாபாத் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு வாடகை ஷெட். இரண்டு சி.என்.சி. மெஷின், ஒரு வி.எம்.சி., ஒரு கம்ப்ரஸர், ஏழு பையன்கள். கார் கம்பெனிக்கு சப்ளை செய்யும் கம்பெனிக்கு சப்ளை செய்யும் கம்பெனிக்கு இவன் ஜாப் ஒர்க் செய்கிறான். (மூச்சு வாங்கிக் கொள்ளுங்கள்.)

"இன்சூரன்ஸ் ரினியூவல்னு பேங்க்ல அக்கவுன்ட்லேர்ந்து பணம் எடுத்துட்டாங்கடா. எதுக்கு, என்னன்னு ஒண்ணும் புரியல. நீ வந்து பாரேன்."

போனேன். கணக்கு வழக்கு எல்லாம் அவன் மனைவிதான். காபியையும் ஃபைலையும் சேர்த்தே கொண்டு வந்து வைத்தார்.

"இதை யாராவது படிச்சுப் பார்த்தீங்களாம்மா?"

"படிக்கவா அண்ணா தர்றாங்க? ஃபைல் பண்ணத்தானே தர்றாங்க!"

நியாயமான பதில். நானே படித்தேன். முதல் பக்கத்திலேயே தூக்கிவாரிப் போட்டது. காப்பீடு செய்யப்பட்ட இடம் என்ற கட்டத்தில் படப்பை முகவரி இருந்தது.

"டேய், நீ படப்பையை விட்டு எப்ப வந்தே?"

"அது ஆச்சு ரெண்டு வருஷம். அந்த ஷெட்ல இப்ப பரோட்டா கடை நடக்குது."

"அப்ப ரெண்டு வருஷமா பரோட்டா கடைக்குத்தான்டா நீ பிரீமியம் கட்டிக்கிட்டு இருக்கே!"

அவன் சிரித்தான். அவன் மனைவி சிரிக்கவில்லை. ஃபயர் பாலிசி என்பது மெஷினோடு கூடவே லாரி ஏறி வருவதில்லை. எழுதிய முகவரியில் உள்ள பொருளுக்குத்தான் அது பேசும். இடம் மாறினால் எழுதிக் கொடுத்து 'எண்டார்ஸ்மென்ட்' வாங்க வேண்டும். பேங்குக்குப் புது முகவரி தெரியும், ஜி.எஸ்.டி.க்குத் தெரியும், மின்வாரியத்துக்கு நன்றாகவே தெரியும். பாலிசிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

அடுத்தது தொகை. 24 லட்சம் என்று இருந்தது. இந்த மெஷின்களை இன்றைக்குப் புதிதாக வாங்கினால் எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். 60 லட்சத்துக்குக் குறையாது என்றான். பிறகு 24 எங்கிருந்து வந்தது? அது பேங்க் கொடுத்த கடன் தொகை! தன் கடனுக்குப் பாதுகாப்பு தேடுவது பேங்கின் வேலை. அதை அது ஒழுங்காகச் செய்திருக்கிறது. நஷ்ட ஈடு வந்தாலும் முதலில் பேங்குக்குத்தான் போகும் என்று பாலிசியிலேயே எழுதியிருக்கும்.

"இருக்கட்டுமே. 10 லட்சத்துக்கு நஷ்டம் வந்தா, 24க்குள்ளதானே இருக்கு? முழுசா கொடுத்துட மாட்டாங்களா?"

இங்கேதான் நம்மவர்கள் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். கொடுக்க மாட்டார்கள். 60 லட்சம் மதிப்புள்ள சொத்தை 24 லட்சத்துக்கு எழுதினால், 40 சதவீதம்தான் இன்சூர் செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். மீதி 60 சதவீதத்துக்கு நீங்களே இன்சூரன்ஸ் கம்பெனி! ஆகவே 10 லட்சம் நஷ்டத்துக்கு 4 லட்சம்தான் கணக்கு. அதிலும் பாலிசிதாரர் தானே ஏற்க வேண்டிய ஒரு பங்கைக் கழிப்பார்கள். 'ஆவரேஜ்' என்று இதற்குப் பெயர். நாங்கள் பி.காமில் படித்ததுதான். அந்த வகுப்பிலும் இவன் தூங்கியிருக்க வேண்டும்.

2021 ஏப்ரல் முதல் இதில் கொஞ்சம் கருணை காட்டுகிறார்கள். ஓர் இடத்தில் உள்ள சொத்து மொத்தம் 5 கோடிக்குள் இருந்தால் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா', அதற்கு மேல் 50 கோடி வரை 'பாரத் லகு உத்யம் சுரக்ஷா'. (பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் தீ அணைந்துவிடும்.) இவற்றில் மதிப்பைவிட 15 சதவீதம் வரை குறைவாக எழுதியிருந்தால் கண்டுகொள்ள மாட்டார்கள். 60க்கு 51 எழுதியவன் தப்பித்தான். 24 எழுதியவன் மாட்டினான். இன்னொரு நல்ல விஷயம், வெள்ளம், புயல், நிலநடுக்கம் எல்லாம் இதில் உள்ளேயே வந்துவிடுகின்றன.

வெள்ளம் என்றதும் எனக்கு என் சித்தப்பா ஞாபகம். திருமுடிவாக்கம் சிட்கோவில் சின்னதாக ஒரு பவுடர் கோட்டிங் யூனிட் வைத்திருந்தார். அப்போதிருந்த பாலிசியில், புயல் வெள்ளம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் பிரீமியம் குறையும். "குடிக்கவே தண்ணி இல்லாத ஊர்ல ஏதுடா வெள்ளம்?" என்று கையெழுத்துப் போட்டார். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி ராத்திரி, செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29 ஆயிரம் கன அடி திறந்த அந்த ராத்திரி, அடையாறு அவர் ஷெட்டுக்குள் வந்தது. அவனும் (oven), கம்ப்ரஸரும், கணக்கு நோட்டும் ஒன்றாக மூழ்கின. மூன்றாம் நாள் சேற்றில் நின்றபடி பாலிசியை என்னிடம் நீட்டினார். நான் படித்துச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். அந்த யூனிட்டை அப்புறம் அவர் திறக்கவே இல்லை.

அந்த அடையாறு புறப்படுவதே இந்த ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஏரிகளில்தான். நண்பன் ஷெட்டின் பின்பக்க ஜன்னலைத் திறந்தால் ஏரிக்கரை தெரிகிறது. நல்ல காற்று.

ஷெட்டைச் சுற்றி வந்தபோது ஒரு மூலையில் காஸ்டிங்குகள் மலையாகக் குவிந்திருந்தன. பக்கத்தில் ஃபிக்ஸ்சர்கள்.

"இதெல்லாம் யாருது?"

"கஸ்டமரோடது. மெஷினிங் பண்ணி அனுப்பணும். ஒண்ணு குறைஞ்சாலும் நம்ம பில்லுலதான் கழிப்பாங்க."

அடுத்தவர் பொருளை நாம் பொறுப்பில் வைத்திருந்தால், அதைத் தனியாகக் குறிப்பிட்டு பாலிசியில் சேர்க்க வேண்டும். இவன் பாலிசியில் அப்படி ஒரு வரியே இல்லை. இந்த வட்டாரத்தில் ஜாப் ஒர்க் செய்கிறவர்களிடம் சொந்தச் சரக்கைவிட அடுத்தவர் சரக்குதான் அதிகம் என்பதால், ரினியூவலுக்கு முன்னால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்பேன். கட்டடம் ஓனருடையது, அதை அவர் இன்சூர் செய்திருக்கிறாரா என்று வாடகை ஒப்பந்தம் போடும்போதே கேட்டுக் கொள்ளலாம்.

பூட்டை உடைத்துத் திருடினால் ஃபயர் பாலிசி வராது, அதற்குத் தனி பாலிசி. மெஷின் தானாகப் பழுதானாலும் அப்படியே. "ஆர்டர் நின்னுபோனா?" என்றான். 2014-ல் நோக்கியா தொழிற்சாலை மூடியபோது சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ பேர் கேட்ட கேள்வி. அதற்கு எந்த ஃபயர் பாலிசியிலும் இடமில்லை.

நஷ்டம் நேர்ந்தால் உடனே தகவல் கொடுங்கள், போட்டோ எடுங்கள், சர்வேயர் வந்து பார்ப்பதற்குள் எதையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஸ்டாக் கணக்கின் ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும். கம்பெனி தரும் பதில் திருப்தி இல்லையென்றால், தனி உரிமையாளர்களும் மைக்ரோ யூனிட்டுகளும் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம்.

அன்றைக்கே அவன் மனைவி ஒரு வெள்ளைத் தாளில் மெஷின் பட்டியல், இன்றைய விலை, புது முகவரி, கஸ்டமர் சரக்கு என்று எல்லாம் எழுதி என்னிடம் காட்டித் திருத்திக் கொண்டார். கூடுதல் பிரீமியத்தைக் கேட்டுவிட்டு நண்பன் முனகினான். அவர் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நேற்று போன் வந்தது. "அண்ணா, எண்டார்ஸ்மென்ட் வந்துடுச்சு. நீங்க சொன்ன மாதிரி முழுசா படிச்சுப் பார்த்தேன். அட்ரஸ் சரி, தொகை சரி. ஆனா தொழில்ங்கிற இடத்துல 'ஹோட்டல்'னு போட்டிருக்காங்க!"

திருப்பி அனுப்பியிருக்கிறார்.