குறைவாக இருப்பதா, முதலில் தீர்வதா?

28 கிராம் நைட்ரஜனும் 10 கிராம் ஹைட்ரஜனும் முழுமையாக வினைபுரிந்தால் எவ்வளவு அம்மோனியா கிடைக்கும்? பதினோராம் வகுப்பில் இக்கணக்கைக் கொடுத்தால், வினைக் கட்டுப்பாட்டுக் காரணி ஹைட்ரஜன் என்று சிலர் எழுதுவர். 28-ஐ விட 10 குறைவு என்பதே அவர்கள் காட்டும் காரணம். வேறு சிலர் மோலுக்கு மாற்றி, நைட்ரஜன் 1, ஹைட்ரஜன் 5, ஆகவே நைட்ரஜன் என்பர். விடை சரி, வழி தவறு. ஹைட்ரஜனை 2 மோலாகக் குறைத்துக் கேளுங்கள். அப்போதும் நைட்ரஜன் என்றே சொல்வர்.

இட்லி மாவுக்கு 4 பங்கு அரிசி, 1 பங்கு உளுந்து என்று கொள்வோம். வீட்டில் 6 டம்ளர் அரிசி, 2 டம்ளர் உளுந்து இருக்கிறது. எது முதலில் தீரும்? 2 டம்ளர் உளுந்துக்கு 8 டம்ளர் அரிசி வேண்டும்; இருப்பதோ 6. அளவில் அதிகமாக இருந்த அரிசிதான் தீர்கிறது. மோல் தெரியாத எட்டாம் வகுப்பிலும் இதை நடத்தலாம்.

இதே கேள்வியை வினையிடம் கேட்போம்: எவ்வளவு தேவை, எவ்வளவு இருக்கிறது? 1 மோல் நைட்ரஜனுக்கு 3 மோல் ஹைட்ரஜன் தேவை, 5 இருக்கிறது. ஆகவே நைட்ரஜன் தீரும். 2 மோல் அம்மோனியா, அதாவது 34 கிராம் உருவாகும். 4 கிராம் ஹைட்ரஜன் மிஞ்சும். 34-ம் 4-ம் சேர்ந்து 38. தொடக்கத்தில் இருந்ததும் 38. மாணவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் சரிபார்ப்பு இது.

கண்ணால் காட்ட, நான்கு பாட்டில்களில் 50 மில்லி வினிகர் ஊற்றுங்கள். 5 விழுக்காட்டு வினிகரானால் ஒவ்வொன்றிலும் சுமார் 2.5 கிராம் அசிட்டிக் அமிலம் இருக்கும், அதற்கு 3.5 கிராம் ஆப்பசோடா போதும். 1, 2, 4, 6 கிராம் சோடாவை பலூன்களில் இட்டு, பாட்டில் வாயில் மாட்டிக் கொட்டச் செய்யுங்கள். முதல் மூன்று பலூன்களும் ஒன்றைவிட ஒன்று பெரிதாகும். நான்காவது மூன்றாவதை விடப் பெரிதாவதில்லை. நுரை அடங்கியபின் முதல் பாட்டிலில் ஒரு சிட்டிகை சோடாவும், கடைசி பாட்டிலில் எலுமிச்சைச் சாறும் சேர்த்தால் இரண்டும் மீண்டும் பொங்கும். எதில் எது மிஞ்சியது என்று மாணவர்களே சொல்லட்டும்.

கடைசி இரண்டு பாட்டில்களுக்கும் கோட்பாட்டு விளைச்சல் சுமார் 1.8 கிராம் கார்பன் டை ஆக்சைடு. பலூனுக்குள் அவ்வளவும் வராது. கொஞ்சம் நீரில் கரைந்து நிற்கும். அம்மோனியாவில் இடைவெளி இன்னும் பெரிது. அவ்வினை மீள்வினை என்பதால், ஹேபர் முறையில் வாயுக்கலவை ஒருமுறை வினைவேகமாற்றியைக் கடக்கும்போது சுமார் 15 விழுக்காடே அம்மோனியாவாகிறது. அம்மோனியாவைக் குளிர்வித்துப் பிரித்துவிட்டு, எஞ்சிய வாயுக்களை மீண்டும் உலைக்கே அனுப்புகிறார்கள். 34 கிராம் என்பது உச்சவரம்பு மட்டுமே என்பதை விடைத்தாளில் ஒரு வரியாகவாவது எழுதச் சொல்லலாம்.