கொக்கின் மஞ்சள் பாதம் எங்கே?

டிஜிட்டல் கேமராவில் ஒரு பறவையைப் படமெடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்க்கிறீர்கள். படம் மங்கலாக இருக்கிறது. பறவையோ ஒரு மூலையில் கடுகளவு தெரிகிறது. உடனே எடிட்டிங் மென்பொருளைத் திறந்து, கண்ணில் படும் ஸ்லைடரையெல்லாம் வலது பக்கம் இழுக்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அப்படி இழுத்துக் கெடுத்துக்கொண்டவன் நான்.

சென்னையில் மென்பொருள் பொறியாளராக இருக்கிறேன். சொந்த ஊர் ஸ்ரீரங்கம். விடுமுறைக்கு வந்தால் காலை ஆறு மணிக்கெல்லாம் கேமராவுடன் கொள்ளிடக் கரைக்குப் போய்விடுவேன். ஆற்றில் தண்ணீர் குறைந்த மாதங்களில், மணல் திட்டுகளுக்கு இடையே தேங்கிய குட்டைகளில் கொக்கு, மடையான், மீன்கொத்தி எல்லாம் கிடைக்கும்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பறவைப் படங்கள் கொண்ட சார்ட் ஒன்று தயாரித்துக்கொண்டிருந்தார். என்னிடமும் ஒரு படம் கேட்டார். சேற்றிலிருந்து ஒரு காலைத் தூக்கி நின்ற வெள்ளைக் கொக்கின் படம் என்னிடம் இருந்தது. வெண்மையைக் கூட்டினேன். காலடியில் ஏதோ மஞ்சள் பிளாஸ்டிக் துண்டு ஒட்டியிருப்பதாக நினைத்து, அதையும் சுத்தமாக அழித்தேன். பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன்.

"தம்பி, படம் பளிச்சுன்னு இருக்கு. இது என்ன கொக்கு?" என்றார்.

"சின்னக் கொக்கு, சார்."

"அப்போ மஞ்சள் பாதம் எங்கே?"

அப்போதுதான் தெரிந்தது. சின்னக் கொக்குக்கு அலகு கறுப்பு, கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். மற்ற வெள்ளைக் கொக்குகளிலிருந்து அதைப் பிரித்துச் சொல்ல உதவும் முக்கிய அடையாளமே அதுதான். பாதம் பெரும்பாலும் தண்ணீருக்குள் இருப்பதால் படத்தில் சிக்குவது அரிது. சிக்கியதைத்தான் நான் அழித்திருக்கிறேன்!

"இதைப் பார்த்துப் படிக்கிற பிள்ளைங்க தப்பாத்தானே கத்துக்கும்?" என்றார். பழைய படத்தைத் தேடி ஓடினேன். அதே பெயரில் சேவ் செய்திருந்தேன். மெமரி கார்டையும் ஃபார்மட் செய்தாகிவிட்டது. சார்ட்டில் அந்த இடம் காலியாகவே இருந்தது.

அதன் பிறகு நான் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறேன். இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளை வைத்து விளக்குகிறேன். மற்ற மென்பொருள்களிலும் இதே வசதிகள் இருக்கும்.

முதலில் நகல்

படங்களை ஏற்றியவுடன் 'ஒரிஜினல்' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதில் போடுங்கள். அதைத் தொடவே கூடாது. நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். ஜேபெக் ஃபைலைத் திருத்தித் திருத்தி சேவ் செய்யும்போது ஒவ்வொரு முறையும் படத்தின் தரம் கொஞ்சம் குறையும் என்பதையும் மறக்காதீர்கள்.

அளவோடு வெட்டுங்கள்

கிராப் டூல் மூலம் தேவையற்ற ஓரங்களை நீக்கலாம். பறவை பார்க்கும் திசையில் சற்று அதிக இடம் விடுங்கள். 4000 x 3000 பிக்ஸல் படத்தில் 1000 x 750 பகுதியை மட்டும் வெட்டி எடுத்தால் மிஞ்சுவது பதினாறில் ஒரு பங்குதான். அங்குலத்துக்கு 300 பிக்ஸல் என்று பிரின்ட் போட்டால் அகலம் மூன்றேகால் அங்குலத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே.

வெளிச்சம்

கலர்ஸ் மெனுவில் லெவல்ஸ் கட்டளையைத் தேர்ந்தெடுங்கள். மலைபோல ஒரு வரைபடம் தோன்றும். அதன் இடது முனை 0, அதாவது முழுக் கறுப்பு. வலது முனை 255, அதாவது முழு வெள்ளை. மலை முடியும் இடம் வரை வலப்பக்க முக்கோணத்தை நகர்த்தலாம். அதைத் தாண்டினால் கொக்கின் இறகு வரிகள் மறைந்து, வெள்ளைக் காகிதம் ஒட்டியதுபோல் ஆகிவிடும். கேமராவிலேயே இறகுகள் வெளுத்துப் பதிவாகியிருந்தால் எந்த மென்பொருளாலும் அவற்றை முழுதாக மீட்க முடியாது. எனவே வெள்ளைப் பறவையை எடுக்கும்போதே எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை -0.7 அல்லது -1 என்று குறைத்து எடுத்துப் பாருங்கள்.

நிறம், கூர்மை

நிறத்தைக் கூட்டும் சாச்சுரேஷன் ஸ்லைடரை மிகக் குறைவாகவே நகர்த்துங்கள். நம் இயற்கை எழுத்தாளர் மா.கிருஷ்ணன் (1912-1996) எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களைப் பாருங்கள். நிறமே இல்லாமலும் விலங்கும் பறவையும் உயிரோடு நிற்கும். கடைசியாக ஷார்ப்பன். 1 என்ற விசையை அழுத்திப் படத்தை 100 சதவீத அளவில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். பறவையின் ஓரத்தில் வெள்ளைக் கோடு தோன்றினால் அளவு மீறிவிட்டது என்று பொருள். ஃபோகஸ் தவறிய கண்ணை ஷார்ப்பன் காப்பாற்றாது. வேலை முடிந்ததும் ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆஸ் கொடுத்து, வேறு பெயரில் பதியுங்கள்.

வானத்தில் தெரியும் தூசிப் புள்ளியை அழிக்கலாம். பறவையின் மேல் இருக்கும் எதையும், அது என்னவென்று தெரியாமல் அழிக்காதீர்கள்.

மற்றவரிடம் காட்டுங்கள்

"நல்லா இருக்கா?" என்று கேட்டால் "சூப்பர்" என்ற பதில்தான் வரும். அதனால் பயனில்லை. நான் இப்போது மூன்று கேள்விகள் கேட்கிறேன். முதலில் கண் எங்கே போனது? இது என்ன பறவை என்று தெரிகிறதா? எது இயற்கையாக இல்லை? பறவைகளை அறிந்த ஒருவரிடமும், அறியாத ஒருவரிடமும் கேளுங்கள். என் அம்மா ஒருமுறை, "கொக்கைவிடப் பின்னால இருக்குற குப்பைதான் பளிச்சுன்னு தெரியுது" என்றார். அவர் சொன்ன பிறகுதான் எனக்கே அது தெரிந்தது.

அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கொள்ளிடத்தில் காத்திருந்தேன். மூன்றாவது வாரம், குட்டையைக் காலால் கலக்கி மீனை விரட்டிக்கொண்டிருந்த ஒரு சின்னக் கொக்கு பாதத்தைத் தூக்கியது. இந்தப் படம் முதல் படம் அளவுக்குப் பளிச்சென்று இல்லை. சேறுகூட அப்படியே இருக்கிறது. ஆசிரியர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நேராகப் பாதத்தைத்தான் பார்த்தார். பிறகு பசை டப்பாவை எடுத்தார்.