பிறந்த கன்றுக்குச் சீம்பால்: நஞ்சுக்கொடி விழும் வரை காத்திருப்பது ஏன் ஆபத்து?

பசுவோ எருமையோ கன்று ஈன்றதும், நஞ்சுக்கொடி விழுந்த பிறகே கன்றைப் பால் குடிக்க விட வேண்டும் என்ற நம்பிக்கை நாட்டின் பல பகுதிகளில் இன்றும் நிலவுகிறது. நஞ்சுக்கொடி விழப் பல மணி நேரம் ஆகலாம். எழுந்து நிற்கவும் வலுவில்லாத கன்றுக்கு இந்தத் தாமதம் உயிரிழப்பில் முடியக்கூடும்.

2019-ஆம் ஆண்டின் 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் சுமார் 19 கோடி மாட்டினங்களும் சுமார் 11 கோடி எருமைகளும் உள்ளன. கன்று ஒன்றை இழப்பது, சிறு விவசாயிக்கு வருங்காலக் கறவை மாட்டையே இழப்பதாகும்.

அவசரம் ஏன்?

தாய்ப்பசுவின் உடலிலுள்ள நோய் எதிர்ப்புப் புரதங்கள், கருப்பையில் இருக்கும் கன்றுக்குச் சென்று சேர்வதில்லை. சீம்பால் வழியாகவே கன்று அவற்றைப் பெறுகிறது. அவற்றை அப்படியே உறிஞ்சும் ஆற்றல் கன்றின் குடலுக்குப் பிறந்த நேரத்திலிருந்தே குறையத் தொடங்கி, சுமார் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. எனவே முதல் 2 மணி நேரத்திற்குள் சீம்பால் புகட்டுமாறு கால்நடை மருத்துவர்கள் பரிந்துரைக்கின்றனர்.

கன்று பால் ஊட்டும்போது தாயின் உடலில் சுரக்கும் ஆக்ஸிடோசின், கருப்பையைச் சுருங்கச் செய்கிறது. ஆகவே கன்றை ஊட்ட விடுவது நஞ்சுக்கொடி வெளியேறவும் துணைபுரியும்.

வலுவற்ற கன்றுக்கு உதவுவது எப்படி?

முதலில் மூக்கிலும் வாயிலும் உள்ள சளியைத் துடைத்து, உலர்ந்த வைக்கோல் அல்லது சாக்கினால் உடலைத் தேய்த்துக் கன்றுக்குக் கதகதப்பு அளிக்க வேண்டும். உடல் குளிர்ந்திருக்கும் கன்று பாலை உறிஞ்சாது.

பின்னர் கழுவிய விரலை அதன் வாயில் வைத்துப் பார்க்க வேண்டும். விரலைச் சப்பினால், கன்றை மடியருகே தாங்கிப் பிடித்து, காம்பிலிருந்து சிறிது பாலை வாயில் பீய்ச்சி, காம்பைக் கவ்வச் செய்யலாம். நிற்க முடியாவிடில், சீம்பாலைக் கறந்து, உடல் வெப்பத்திற்கு இணையான சூட்டில், ரப்பர் காம்பு பொருத்திய புட்டியில் புகட்டலாம்.

விரலைச் சப்பாத கன்றின் வாயில் புட்டி, மூங்கில் குழாய் ஆகியவற்றால் பாலை ஊற்றக் கூடாது. பால் மூச்சுக்குழாய்க்குள் சென்று நுரையீரல் அழற்சியை உண்டாக்கும். இத்தகைய கன்றுக்குக் குழாய் வழியாக இரைப்பைக்குள் பால் செலுத்த வேண்டியிருக்கும். அதைக் கால்நடை மருத்துவரோ பயிற்சி பெற்றவரோதான் செய்ய வேண்டும்.

எவ்வளவு கொடுக்க வேண்டும்?

கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு என்பது முதல் நாளுக்கான பொதுவான அளவு. 25 கிலோ எடையுள்ள கன்றுக்கு இரண்டரை லிட்டர் தேவை. வலுவற்ற கன்றுக்கு இதைச் சிறிது சிறிதாகப் பலமுறை பிரித்துக் கொடுக்கலாம். முதல் தவணை மட்டும் தாமதமாகக் கூடாது. தாய்க்குச் சீம்பால் இல்லையெனில், அதே சமயத்தில் ஈன்ற நோயற்ற வேறு மாட்டின் சீம்பாலைப் பயன்படுத்தலாம். சீம்பாலைக் கொதிக்க வைத்தால் நோய் எதிர்ப்புப் புரதங்கள் சிதைந்துவிடும்.

மகாராஷ்டிரத்தில் கர்வஸ், ஆந்திரம், தெலங்கானாவில் ஜுன்னு எனச் சீம்பாலில் செய்யும் இனிப்புகள் பெயர் பெற்றவை. கன்றின் பங்கு போக மிஞ்சியதே அவற்றுக்கு உரியது.

கன்று பாலை உறிஞ்சாமல் சோர்ந்து கிடந்தால், தாமதிக்காமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். பல மாநிலங்களில் 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவியைப் பெறலாம்.