வங்கிக்கும் பயணம் சொல்லுங்கள்

ஹஜ்ஜுக்கோ உம்றாவுக்கோ புறப்படுபவர்கள் வீடு வீடாகச் சென்று பயணம் சொல்லி, குற்றங்குறைகளை மன்னிக்குமாறு கேட்டு விடைபெறுவது நம் ஊர்களில் இன்றும் உள்ள நல்ல வழக்கம். சொந்தக்காரர், அயலவர், படிப்பித்த ஆசிரியர் என்று ஒருவரையும் விடுவதில்லை. ஆனால் காசை வைத்திருக்கும் வங்கிக்கு மட்டும் பலர் பயணம் சொல்வதில்லை. காசு முழுவதையும் ரியாலாக மாற்றி இடுப்புப் பையில் கொண்டுபோன காலத்தில் அது தேவைப்படவில்லை. இன்று வங்கி அட்டையை நம்பிப் போகிறவர்களுக்கு அது அவசியமாகிவிட்டது.

ஏன் சொல்ல வேண்டும்?

மக்காவிலுள்ள ஒரு கடையில் நம் அட்டையை இயந்திரத்தில் செருகியதும், அந்தக் கடையின் வங்கியிலிருந்து ஒரு கேள்வி விசா, மாஸ்டர்காட் போன்ற வலையமைப்பு வழியாக இலங்கையிலுள்ள நம் வங்கியின் கணினிக்கு வருகிறது. கணக்கில் காசு இருக்கிறதா, இரகசிய இலக்கம் சரியா என்று கணினி பார்க்கிறது. அத்தோடு, இந்தச் செலவு அட்டைக்காரரின் வழமையான செலவுகளோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்க்கிறது. நேற்றுவரை அக்குறணையில் சாமான் வாங்கிய அட்டை இன்று மக்காவில் 500 ரியால் கேட்டால், நாம் உம்றாவுக்குப் போயிருப்பது கணினிக்குத் தெரியாது. திருட்டாக இருக்கலாம் என்று மறுத்துவிடக்கூடும். அட்டையின் காந்தப் பட்டியிலுள்ள தகவலைப் பிரதியெடுத்து வேறொரு நாட்டில் காசு எடுக்கும் மோசடிகள் உலகில் நடப்பதால், இந்தச் சந்தேகம் நம் பாதுகாப்புக்கானதே.

சில வங்கிகள் வெளிநாட்டுப் பாவனையை முதலிலேயே நிறுத்திவைத்து, நாம் கேட்டால்தான் திறந்துவிடுகின்றன. உள்நாட்டுப் பாவனைக்கு மட்டுமான அட்டைகளும் உண்டு. வேறு சில வங்கிகளுக்கு முன்கூட்டிச் சொல்லத் தேவையே இல்லை. நம்முடையது எந்த வகை என்பது கேட்டால்தான் தெரியும்.

என்ன சொல்ல வேண்டும்?

என் உம்மாவும் உம்மம்மாவும் உம்றாவுக்குப் போகுமுன் உம்மாவோடு நானும் வங்கிக்குப் போனேன். எந்தெந்த நாடு, போகும் வரும் திகதிகள் எவை, எந்த அட்டை, எந்தத் தொலைபேசி இலக்கம் என்று நான்கு விடயங்களை அதிகாரி கேட்டார். நாடு என்றால் சவூதி மட்டும் போதாது. டோஹாவிலோ டுபாயிலோ விமானம் மாறினால் அந்த நாட்டையும் சொல்ல வேண்டும். விமானம் பிந்தலாம் என்பதால் திரும்பும் திகதியோடு இரண்டு மூன்று நாட்கள் கூட்டிச் சொல்வது நல்லது.

நான்காவது கேள்விதான் முக்கியமானது. பதிவிலிருந்த இலக்கத்தை வாசித்து, "இது யார்ட்ட இருக்கு?" என்று அதிகாரி கேட்டார். "அது இவட வாப்பாட பழைய நம்பர். இப்ப பாவிக்கிறல்ல" என்றார் உம்மா. சந்தேகம் வந்தால் வங்கி அழைப்பது அந்த இலக்கத்துக்குத்தான். இணையத்தில் பணம் செலுத்தும்போது வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் அதற்குத்தான் போகும். ஒரு படிவம் நிரப்பி உம்மாவின் சொந்த இலக்கத்தைக் கொடுத்தோம். நம் வீடுகளில் பெண்கள் பெயரிலுள்ள கணக்குகள் பலவற்றில் கணவரின் இலக்கமோ மகனின் இலக்கமோ இருக்கும். ஊரில் இருக்கும்வரை அதனால் பெரிய குறை தெரியாது. அட்டை மக்காவிலும் தொலைபேசி இலங்கையிலும் இருக்கும்போதுதான் தெரியும்.

இலங்கை சிம்மைக் கழற்றிவிட்டுச் சவூதி சிம்மைப் போட்டாலும் வங்கியின் செய்தி வராது. ஆகவே புறப்படுமுன் ரோமிங் சேவையைச் செயற்படுத்தி, இரண்டு சிம்களும் பாவனையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

எதைக் கேட்டுவைக்க வேண்டும்?

ஒரு நாளைக்கு எவ்வளவு எடுக்கலாம், ஒவ்வொரு முறையும் கட்டணம் எவ்வளவு, அட்டை தொலைந்தால் எந்த இலக்கத்தை அழைப்பது ஆகிய மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வங்கிகளின் நான்கிலக்கச் சுருக்க எண்கள் வெளிநாட்டிலிருந்து பொதுவாக வேலை செய்யா. 94 இல் தொடங்கும் முழு இலக்கம் வேண்டும். கிளையை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது. சவூதி நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். அங்கே ளுஹர் தொழுதுவிட்டு ஒரு மணிக்கு அழைத்தால் இங்கே மாலை 3.30. சனி, ஞாயிறு, போயா நாட்களும் இடையில் வரலாம்.

அங்கே போன பிறகு

இயந்திரம் சிலவேளை ரூபாவா ரியாலா என்று கேட்கும். ரியாலைத் தெரிவதே பெரும்பாலும் இலாபம். ரூபாவைத் தெரிந்தால், மாற்று விகிதத்தை அங்குள்ளவர்கள் தங்கள் இலாபத்தையும் சேர்த்தே தீர்மானிப்பார்கள். ஒரு டொலருக்கு 3.75 ரியால் என்பது 1986 முதல் மாறாத விகிதம். அன்றைய டொலரின் ரூபா விலையை 3.75 ஆல் வகுத்தால் ஒரு ரியாலின் விலை ஏறக்குறைய வரும். வங்கி கழித்த தொகை சரிதானா என்று ஊரிலிருக்கும் பிள்ளையே பார்த்துச் சொல்லலாம்.

கடனட்டை வைத்திருப்போர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அதைக்கொண்டு ஏ.ரி.எம். இல் காசு எடுத்தால் அது கடன். பொதுவாக அன்றிலிருந்தே வட்டி ஏறத் தொடங்கும். வட்டியைத் தவிர்த்து வாழும் ஒருவர் ஹரத்தின் அருகிலேயே அறியாமல் அதில் விழுந்துவிடக் கூடாது. சொந்தக் கணக்கிலிருந்து காசு கழியும் பற்று அட்டையைக் கொண்டுபோவதே நிம்மதி. முடிந்தால் இரண்டு அட்டைகளை இரண்டு பைகளில் வையுங்கள். அவசரத்துக்குக் கொஞ்சம் ரியாலும் கையில் இருக்கட்டும்.

இரகசிய இலக்கத்தை அட்டையின் உறையில் எழுதிவைக்கும் பழக்கம் நம் மூத்தவர்களிடம் உண்டு. அதை அழித்துவிட வேண்டும். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி யாராவது இரகசிய இலக்கத்தையோ ஒருமுறைக் கடவுச்சொல்லையோ கேட்டால் கொடுக்கக் கூடாது. உண்மையான வங்கி அவற்றைக் கேட்பதில்லை.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கவே நமக்குச் சொல்லித்தரப்பட்டிருக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது பயணத்துக்கு ஆயத்தமானால், புறப்பட ஒரு கிழமைக்கு முன் அவர்களோடு வங்கிக்குப் போங்கள். படிவத்தை நீங்களே வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் திரும்பி வந்ததும் வெளிநாட்டுப் பாவனையை நிறுத்தச் சொல்லவும் மறவாதீர்கள்.